மேல்வரம்பு இல்லாத கை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் அருளப்பன். சங்குமுனையில் உள்ள பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவர். ஓய்வூதியர் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வந்த நாளில், கருவூலத்து வராந்தாவில், எங்கள் இருவரின் எண்களும் அழைக்கப்படக் காத்திருந்த இடைவெளியில் சொன்னார். அளவுகளைத் தவறாகச் சொல்லும் மனிதர் அல்லர் அவர். இருமுறை கேட்டேன், இருமுறையும் எண் மாறவில்லை. பின்னர் சங்குமுனைக்கே போய் நால்வரிடம் விசாரித்தேன். மூவர் சொன்னது ஒத்திருந்தது. நான்காமவர் தம்மைப் பெரிதாக்கிக்கொண்ட இடங்களை நீக்கிவிட்டேன்.

சங்குமுனை, கிழக்கே கடலும் மேற்கே உப்பளமும் நெருக்க, நடுவில் ஐந்து தெருக்களாக ஒதுங்கிய மீனவர் ஊர். அங்குள்ள கல்லூரியில் ஏழாம் பருவத்து மாணவர்கள் ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். ‘முப்பரிமாணப் பயனர் இடைமுக வடிவமைப்பு’ என்ற பாடத்தை அந்த ஆண்டு விரும்பி எடுத்தவர் எவருமிலர். மற்றப் பாடங்களில் இடம் நிரம்பிவிட்டதால் பதினான்கு பேர் அதில் வந்து விழுந்தனர். தட்டையான திரையில் விரலால் தொட்டால் போதும். ஆனால் கண்ணை முழுதும் மூடும் கண்ணாடியை அணிந்துகொண்டு, நாற்புறமும் மேலும் கீழும் விரிந்து கிடக்கும் ஒரு வெளியில் நிற்பவன் ஒரு பொருளை எப்படி எடுப்பான், எங்கே வைப்பான், தான் நிற்கும் இடத்தை எதைக் கொண்டு அறிவான் என்பதையெல்லாம் ஒழுங்குசெய்வதே அந்தப் பாடம். அதை நடத்தியவர் பேராசிரியர் குழைக்காதன். ஆய்வுக்கூடத்தில் இருந்த கண்ணாடிகள் நான்கு. அவற்றுள் ஒன்றின் வார் அறுந்து, வலைக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

எட்டாத பொருளை எடுப்பதற்கு அந்தப் பாடத்தில் ஒரு முறை உண்டு. கையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை, கண்ணாடிக்குள் தெரியும் கை உண்மைக் கையோடு ஒத்தே நகரும். அதற்கப்பால் உண்மைக் கை ஒரு விரற்கடை நீண்டால் உள்ளே தெரியும் கை ஒரு முழம் நீளும், அடுத்த விரற்கடைக்கு ஒரு பனையுயரம் நீளும், அதற்கடுத்ததற்கு ஒரு தெருவின் நீளம். அது எதுவரை நீளலாம் என்று ஓர் எல்லை குறிக்க வேண்டும். அதற்கு மேல்வரம்பு என்று பெயர். பதினான்கு பேரில் பதின்மூவர் அதைக் குறித்தனர். கஸ்பார் என்ற கடலோடியின் மகள் சகாய ரெக்ஸலின் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

“மேல்வரம்பு எங்கம்மா?” என்றார் பேராசிரியர்.

“போடல சார்.”

“போடலன்னு தெரியுது. ஏன் போடல?”

“ஆழம் பாக்கக் கயிறு விடும்போது, இத்தனை பாகத்துல தரை தட்டும்னு முன்கூட்டியே முடிச்சுப் போட்டா விடுவாக சார்? தட்டுற வரைக்கும் விட வேண்டியதுதான?”

“இது கயிறு இல்ல. அளவு வேற பாகம்னு போட்டிருக்க. மீட்டருக்கு என்ன வந்துச்சு?”

“எங்க ஆளுகளுக்குன்னுதான சார் செஞ்சேன். மீட்டர்னா எங்கப்பா சிரிப்பாரு.”

பாகம் என்பது ஒரு மனிதன் இரு கைகளையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை உள்ள நீளம், ஏறத்தாழ ஆறடி. பேராசிரியர் வரம்புக்காக இரண்டு மதிப்பெண்ணும் பாகத்துக்காக ஒரு மதிப்பெண்ணும் குறைத்தார்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு அவள் தன் வேலையைச் செய்துகாட்ட, வலைக்கயிறு கட்டிய கண்ணாடியை அணிந்து, சன்னலைப் பார்த்து நின்று, உள்ளே தொலைவில் தெரிந்த ஒரு கூடையை எடுக்கக் கையை நீட்டினாள். கை சன்னல் வழியே வெளியேறி, மதிலைத் தாண்டி, உப்பளத்தின் வரப்புகளுக்கு மேலே போய், முந்நூறு பாகத்துக்கு அப்பாலிருந்த சேர்மக்கனியின் கடைப் பலகையில் எவனுக்கோ ஆற்றி வைத்திருந்த தேநீரை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதே வேளையில் அவளுக்குப் பின்னாலிருந்த நடைக்கூடத்தின் மறுகோடியில் கொட்டாவி விட வாயைத் திறந்த துறைத்தலைவர், வாயை மூடுவதற்குள் ஆய்வுக்கூட வாசலில் நின்றார். அருளப்பன் அளவுநாடாவை எடுத்துவந்து, அவளை மறுபடியும் நீட்டச் சொல்லி, முன்னும் பின்னும் அளந்து பார்த்துக் கணக்கை முடித்தார்: கை முன்னால் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தூரம் அவள் முதுகுக்குப் பின்னால் குறைகிறது, கை திரும்பினால் தூரமும் திரும்பிவிடுகிறது. மற்றப் பதின்மூவரும் தம் வரம்புகளை அழித்துவிட்டு நீட்டிப் பார்த்தனர். சுவரில் இடித்துக்கொண்டதுதான் கண்ட பலன்.

பத்து நிமிடத்தில் சேர்மக்கனி மூச்சிரைக்க வந்து நின்றான்.

“கை வந்தது போனதெல்லாம் இருக்கட்டும் சார். கிளாஸ் என்னுது. அதக் குடுங்க.”

ஊர் அதை அவ்வளவில்தான் எடுத்துக்கொண்டது. மறுநாளே ரெக்ஸலினிடம் ஆட்கள் வந்தார்கள்; மணிக்கூண்டில் சிக்கிய பட்டத்துக்காக வந்தார்கள், கிணற்றில் விழுந்த வாளிக்காக வந்தார்கள், நகரத்து மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கும் மாத்திரைக்காக மருத்துவச் சீட்டோடு வந்தார்கள், கடைசியில் தேங்காய்ச் சட்டினிக்குக் கறிவேப்பிலை இல்லையென்றும் வந்தார்கள். கல்லூரி அலுவலகம், வளாகத்தை விட்டு வெளியேறும் கைக்கு வெளியேறும் சீட்டு கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டது. பங்குத்தந்தை, கோயிலுக்குள் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை மட்டும் தொடவேண்டாம் என்று பூசையில் கேட்டுக்கொண்டார். எல்லாரும் அவளிடம் வேலை வாங்கினார்கள். ஆனால் தங்கள் தெருவிலிருந்து தூரம் எடுக்கப்படுவதை எவரும் விரும்பவில்லை. மாதா தெருவில் சில்வெஸ்டரும் அவன் தம்பி இன்னாசியும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சில்லாமல், நடுவில் எட்டடிச் சந்து விட்டுக் குடியிருந்தவர்கள். ஒருநாள் மாத்திரை எடுக்கக் கை நீண்டபோது சந்து முழுதும் போய், அண்ணன் வீட்டுத் தாளிப்பில் தம்பி தும்ம, அண்ணன் வாய்தவறி “நூறு” என்று வாழ்த்திவிட்டான். அந்த அவமானத்தைப் பொறுக்கமாட்டாமல் இருவரும் ஊர்க்கமிட்டியில் தனித்தனியே மனுக் கொடுத்தார்கள்.

கமிட்டித் தலைவர் மொராயிஸ் எல்லா மனுக்களையும் கேட்டு முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“தெருவத் தொட்டா சண்டை வருது. இனி எதையும் எடுக்கணும்னா கரையில நின்னு, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எடு புள்ள. கடல்லருந்து எடுத்துக்கோ. கடல் என்ன, கமிட்டில வந்து மனுவா குடுக்கப் போகுது?”

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கஸ்பாரும் சிரித்தார்.

மொராயிஸின் மகளுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருமணம். முகூர்த்தச் சேலையின் ரவிக்கை, பதினொரு கிலோமீட்டருக்கு அப்பால், நகரத்துத் தையற்கடையில் கிடந்தது. ரெக்ஸலின் அன்று விடிந்ததும் கண்ணாடியோடு கரைக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, மேற்கே ஆறாயிரம் பாகம் கையை நீட்டினாள். தையற்காரர் அப்போதுதான் கொக்கி வைக்க உட்கார்ந்திருந்தார். ஆகவே கை கடைவாசலில் முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, ரவிக்கையை வாங்கிக்கொண்டு திரும்பியது. மணமகள் அழகாக இருந்தாள். பந்தியில் மூன்று வகைப் பாயசம்.

அன்று மாலை திரும்பவேண்டிய கஸ்பாரின் வள்ளம் திரும்பவில்லை. அதில் அவரோடு போனவர்கள் இருவர்: அவர் மனைவி பனிமயத்தின் ஒரே தம்பி மிக்கேல், பக்கத்து வீட்டுத் தொம்மை. செவ்வாயும் திரும்பவில்லை. கடலில் இருந்த மற்ற வள்ளங்கள் எவையும் அவர்களைக் காணவில்லை. அவர்களின் கைப்பேசிகள் ஒலிக்கவில்லை. தேடப் போன கப்பல் ஓர் எண்ணெய்ப் படலத்தையும் இரண்டு ஆமைகளையும் பார்த்ததாகச் சொன்னது.

புதன்கிழமை காலை ரெக்ஸலின் கரைக்குப் போய், இம்முறை கடலைப் பார்த்து நின்றாள். கடலுக்குள் கையை நீட்டினால் முதுகுக்குப் பின்னால் ஊர் குறையும் என்பதை அறிந்தே, முன்னதாக வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தாள். மனுக் கொடுத்தவர்கள் எல்லாரும், கேட்டு முடிப்பதற்குள்ளேயே, “எடுத்துக்கோ தாயி, எல்லாத்தையும் எடுத்துக்கோ” என்றார்கள். கை அலைகளுக்கு மேலே ஓடத் தொடங்கியது. ஊர் மடியத் தொடங்கியது. கோயில் தெரு மாதா தெருவில் சாய்ந்தது, கல்லூரி மைதானம் ஒரு பாயின் அகலத்துக்குச் சுருங்கியது, கல்லறைத் தோட்டம் அடுப்படிகளுக்கு வந்தது, ஒரு பெண் வடித்த கஞ்சி மாமனாரின் கல்லறையில் விழாமலிருக்கப் பானையை நகர்த்தி வைத்தாள், உப்பளமும் நெடுஞ்சாலையும் நகரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெருக்க, நகரப் பேருந்து ஒன்று காயப்போட்ட வலைகளுக்கு நடுவில் நின்றது, அதிலிருந்தவர்கள் “இது பழைய பஸ் ஸ்டாண்டா?” என்று கேட்டார்கள். சில்வெஸ்டரும் இன்னாசியும் தத்தம் சன்னலில் மூக்கோடு மூக்காக நின்றார்கள். இருவருமே சன்னலைச் சாத்தவில்லை. ஒரு மணி நேரம் ஊர் தன்னை மடித்துப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றது.

ஆனால் கடல் பெரிது, உள்ளங்கை ஒரு சாண். கண்ணாடிக்குள் ரெக்ஸலினுக்குத் தெரிந்தது அவள் வரைந்த சாம்பல்நிறத் தரையும் கட்டங்களும்தான்; கடலைத் தெரியாது, வள்ளத்தைத் தெரியாது. அவள் துழாவினாள். தண்ணீரைப் பிடித்தாள், நெகிழிப் பையைப் பிடித்தாள், சொறிமீனைப் பிடித்து உதறினாள். ஒன்பதாவது முறை கை எதையோ பற்றிக்கொண்டு திரும்பியது. உப்பில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்களில் ஒரு காலி மண்ணெண்ணெய்க் கேன் இருந்தது. அதன் தோளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட சிலுவை, கஸ்பாரின் அடையாளம்.

“கஸ்பார் காலிக் கேன வீசுற ஆளில்லையே,” என்றார் மொராயிஸ்.

“எண்ணெய் தீந்துபோச்சுன்னு சொல்லத்தான் போட்டிருப்பான்,” என்றான் ஒருவன்.

“அதெப்படித் தீரும்? நாலு கேன் கொண்டுபோனான். போக ஒன்றரை, வர ஒன்றரை, கைக்காவலா ஒண்ணு. நாந்தான தூக்கிக் குடுத்தேன்,” என்றான் மற்றொருவன்.

கணக்கில் பிழை காணமுடியாமல் எல்லாரும் நின்ற அந்த இடத்தில்தான் அருளப்பன் தம் பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடி வெளியே போன நேரத்தையும் கை நீண்ட நேரத்தையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தவர் அவர். திங்கட்கிழமை, கை நீண்டது காலை ஆறு பத்து, திரும்பியது ஆறு நாற்பத்தைந்து, திசை மேற்கு, பொருள் ரவிக்கை என்று வாசித்தார்.

“கஸ்பார் எத்தன மணிக்கு வெளிக்கிட்டான்?” என்று கேட்டார்.

“ஆறே கால்,” என்றான் கேன் தூக்கிக் கொடுத்தவன்.

கடலோடிகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வள்ளம் போனபோது அதன் முன்னாலிருந்த கடலில் ஆறாயிரம் பாகம் இல்லை. அது ரெக்ஸலினின் கையில், தையற்கடை வாசலில் இருந்தது. சுருங்கிய கடலைக் கடந்து போனார்கள். அவர்கள் கடந்த பிறகு கடல் விரிந்தது. விரிந்த கடல் முழுவதையும் தாண்டித் திரும்புவதற்கு எண்ணெய் இல்லை. அன்று தண்ணீர் நன்றாக வழிவிடுகிறது என்று மகிழ்ந்திருப்பார்கள்.

பனிமயம் கூட்டத்தின் ஓரத்தில், மீன்கூடை இடுப்பிலிருக்க, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து மகளுக்குச் சோற்றைப் போட்டுத் தட்டைத் தரையில் தள்ளிவிட்டாளே தவிர ஒரு சொல்லும் சொல்லவில்லை. மொராயிஸ் கோயிலுக்குள் போய்ப் பெஞ்சில் அமராமல் தரையில் அமர்ந்தார். மாலையில் கமிட்டி கூடி, அந்தக் கை இனி எதற்காகவும் எந்தத் திசையிலும் நீளக்கூடாது என்று எழுதி ஒட்டியது. ரெக்ஸலினே அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

வீட்டில் இருக்க முடியாததால் வியாழனும் வெள்ளியும் அவள் வகுப்புக்குப் போனாள். கண்ணாடி அணிந்தவனுக்குத் தான் நிற்கும் இடத்தை உணர்த்தும் வழிகள் என்ற பகுதியை வெள்ளியன்று பேராசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். தரையில் கட்டமிடலாம், தொலைவில் ஒரு கோபுரத்தை நிறுத்தலாம், சிறு வரைபடமொன்றைக் கையில் கொடுக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ரெக்ஸலின் எழுந்து நின்றாள்.

“எங்க இருக்கோம்னே தெரியாதவங்களுக்கு, வெளியில நிக்கிறவங்க எப்படி சார் சொல்லுறது?”

குழைக்காதன் புத்தகத்தை மூடினார். அன்று மாலை, காற்று மிகுந்துவிட்டதென்று தேடப் போன கப்பல் திரும்பிவிட்டது; ஆறாம் நாளுக்குமேல் குடிநீர் இல்லாமல் மனிதர் பிழைத்திருப்பதில்லை என்று அதிலிருந்த அதிகாரி பங்குத்தந்தையிடம் மெதுவாகச் சொன்னார்; மெதுவாகச் சொன்னது ஐந்து தெருவுக்கும் கேட்டது.

சனிக்கிழமை ஆறாம் நாள். காலையில் தொம்மையின் மனைவி சந்தனம் வந்து, பனிமயத்தின் மடியில் விழுந்து, எந்தத் துணியில் பிரேதத்தை மூடுவேன் என்று அழுதாள். கதவோரத்தில் நின்ற ரெக்ஸலின், “நான் என்னம்மா செய்யட்டும், சொல்லும்மா, செத்துப்போகவா?” என்றாள். மூன்று நாள் அடக்கிவைத்ததெல்லாம் அப்போது பனிமயத்தின் வாயில் வந்தது.

“ஏட்டி, என்னையக் கேக்குதியா? அந்த மனுசன் போகும்போது கடலச் சுருக்கிக் குடுத்தவ நீதான? ஒரு ரவிக்கைக்கு ஆறாயிரம் பாகத்தச் சுருக்கத் தெரிஞ்சுதுல்ல? போகச் சுருக்குனவளுக்கு வரச் சுருக்க ஏலாதாட்டி?”

சொன்னவள் அதை வசையாகத்தான் சொன்னாள். கேட்டவள் அதை அப்படியே, சொல்லுக்குச் சொல், கேட்டாள். பிறகு செருப்பில்லாமல் கல்லூரிக்கு ஓடினாள்.

கண்ணாடிகள் அலமாரியில் பூட்டியிருந்தன. திங்கட்கிழமை புறத்தேர்வாளர் வருவதால் எதையும் வெளியே கொடுக்க முடியாது என்று துறைத்தலைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். “மேல்வரம்பு குறிக்காத வேலைக்கு நான் எப்படிம்மா பொறுப்பேற்கிறது?” என்று கேட்டார். ரெக்ஸலின் அவர் மேசைக்கு முன்னால் மண்டியிட்டாள். அவர் சன்னலைப் பார்த்தார். அருளப்பன் அலமாரியின் பின்பலகையைத் திருகாணி கழற்றி எடுத்தார். குழைக்காதன் தம் மதியச் சாப்பாட்டுப் பையை மேசையில் கொட்டிவிட்டு, அந்தப் பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நடந்தார். இரண்டு நாளாக மின்தடை. கண்ணாடியில் மிச்சமிருந்த மின்னேற்றம் இருபத்திரண்டு நிமிடத்துக்குத்தான் வரும்.

கோயில் மணி அடித்துக் கடலிலிருந்த எல்லா வள்ளங்களையும் கரையேற்றினார்கள். ஒட்டிய தாளை மொராயிஸே கிழித்தார். குழைக்காதன் கவிழ்ந்த வள்ளமொன்றின் மேல் மடிக்கணினியோடு அமர்ந்தார். அதன் திரையில் கையின் நீளம் பாகக் கணக்கில் ஓடும். ரெக்ஸலின் கணுக்காலளவு நீரில் இறங்கி, தந்தை இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியை அணிந்தாள். முதுகு எந்தத் திசைக்கு நேராக நிற்க வேண்டும் என்பதில் ஆண்கள் சச்சரவிட்டார்கள். கிழக்கு என்றான் ஒருவன், தென்கிழக்கு என்றான் மற்றவன். தோள் ஒரு விரற்கடை பிசகினால் கடலில் அது ஒரு காத தூரம் பிசகும்.

அப்போது பனிமயம் வந்தாள். கூட்டம் விலகியது.

“ஆறு நாளாக் கச்சான் காத்து மேக்கருந்து அடிக்கு. கரையிலருந்து வெளிய தள்ளும். நீரோட்டம் வடக்க இழுக்கு. எண்ணெ தீந்த எடத்துலருந்து கணக்குப் பாருங்கல. இவ்வளவு நாள் எவன் கொண்டாந்த மீன நான் வித்தேன்? அவன் எங்க கெடப்பான்னு எனக்குத் தெரியாதா?”

அவள் நீரில் இறங்கி, மகளின் இரு தோள்களையும் பின்னாலிருந்து பிடித்தாள்.

“திரும்பு. இன்னும். இன்னும் ரெண்டு விரக்கடை. போதும். அசையாத நில்லு.”

“யம்மா,” என்றாள் ரெக்ஸலின்.

“பேசாத. நீட்டு.”

கை தென்மேற்காக ஊரைத் தாண்டிப் போயிற்று, உப்பளத்தைத் தாண்டிப் போயிற்று, நெடுஞ்சாலையையும் வாழைத் தோட்டங்களையும் தாண்டிச் செம்மணல் மேடுகளுக்குள் போயிற்று. குழைக்காதன் நாலாயிரம் என்றார், எட்டாயிரம் என்றார், பன்னிரண்டாயிரம் என்றார். கடல் வந்தது. முதலில் தொடுவானம் ஓர் அடி முன்னால் வைத்ததுபோல் இருந்தது; பிறகு அலைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளிகள் காணாமற்போய், நாளை வரவேண்டிய அலைகளும் இன்றைக்கே வந்து நின்றன; ஆழ்கடலின் கருநீலமும் நடுக்கடலின் பச்சையும் கரைக்கடலின் கலங்கலும் ஒரு சேலையின் கொசுவம்போல் மடிந்து முழங்காலருகே அடுக்கிக் கிடந்தன. பதினைந்தாயிரம், பதினாறாயிரம் என்று வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வாசிப்பதை மறந்தார். கஸ்பாரின் வள்ளம் மணலில் இடித்தது.

தொம்மை தானாகவே உருண்டு விழுந்தான். கஸ்பார், தான் இறந்தாலும் உடல் வள்ளத்தோடு இருக்கட்டும் என்று இடுப்பைப் பலகையோடு சேர்த்து வரிந்து கட்டியிருந்தார். நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. பனிமயம் மீன் அரியும் கத்தியால் கயிற்றை அறுத்தாள். உதடுகள் வெடித்திருந்தன. கண் திறந்திருந்தது. கரண்டியில் ஊற்றிய தண்ணீர் தொண்டையில் இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

“யம்மா, அப்பா வந்தாச்சா?” என்று கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டாள் ரெக்ஸலின்.

“வந்தாச்சு.”

“மாமா?”

பனிமயம் வள்ளத்துக்குள் பார்த்தாள். வலைக்கு அடியில் பார்த்தாள். பிறகு தொம்மையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“எந்தம்பி எங்க?”

“நேத்து மைனி. நேத்துக் காலைல. தண்ணி தண்ணின்னு சொல்லிக்கிட்டே கடல்ல எறங்கிட்டான். பிடிச்சேன் மைனி. கை நழுவிடுச்சு.”

“ஆறு நிமிஷம் இருக்கு,” என்றார் குழைக்காதன், யாரையும் பாராமல்.

“பிடிச்சுக்கட்டி,” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பனிமயம் கடலுக்குள் நடந்தாள். கரைக்கும் வள்ளம் அதுவரை மிதந்து கிடந்த இடத்துக்கும் நடுவிலிருந்த கடல் முழுதும் அப்போது நாற்பது எட்டுக்குள் அடங்கியிருந்தது. அவள் அதை மடிப்பு மடிப்பாக விலக்கிப் பார்த்தாள். பாசியைத் தூக்கிப் பார்த்தாள், நுரையை வழித்துப் பார்த்தாள், ஆழத்தின் குளிர்ந்த நீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். ஆண்களும் இறங்கினார்கள், சில்வெஸ்டர் இன்னாசியின் கையைப் பிடித்தான், இன்னாசி மொராயிஸின் கையைப் பிடித்தான், கரைவலை இழுப்பதுபோல் வரிசையாக நின்று அந்தக் கடலை வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை அரித்தார்கள், தெற்கிலிருந்து வடக்காக ஒருமுறை அரித்தார்கள்.

ரெக்ஸலினின் கை நடுங்கத் தொடங்கியது. அது நடுங்க, கடல் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. காரணம் மறுநாள்தான் தெரிந்தது: செம்மணல் மேட்டில் ஒரு செங்கல் சூளையில் வேலைசெய்த பெண்கள், உடன் ஆளில்லாமல் வந்து பனைமரத்தைப் பற்றியிருந்த கையைக் கண்டு, யார் பெற்ற பிள்ளையோ, இப்படி வேர்க்கிறதே என்று, எழுவர் சேர்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்களாம்.

“மூணு நிமிஷம்.”

“வெளிய வாங்கல!” என்று கத்தினார் மொராயிஸ். “கண்ணாடி அணைஞ்சா அத்தன பேரும் நடுக்கடல்ல கெடப்போம்!”

ஆண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். பனிமயம் ஏறவில்லை. இரண்டு நிமிடம் என்றார் குழைக்காதன். அவள் இன்னொரு மடிப்பை விலக்கினாள். அவள் பெயரைச் சொல்லிக் கரை முழுதும் கூப்பிட்டது. அவள் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கஸ்பார் மணலில் கிடந்தபடி கையைத் தூக்க முயன்று முடியாமல் விட்டார்.

ஒரு நிமிடம் மிச்சமிருந்தபோது அவள் வெறுங்கையோடு வந்து, மகளுக்கு முன்னால் நின்று, ஈரக்கையை அவள் கழுத்தில் வைத்தாள்.

“விடுட்டி,” என்றாள். “கடலக் குடுத்துரு.”

ரெக்ஸலின் கையை மடக்கினாள். தொடுவானம் எழுந்து நடந்தது. கஸ்பாரின் வள்ளம், கட்டி நிறுத்த எவருக்கும் தோன்றாததால், அதனோடே போயிற்று. கருநீலம் போயிற்று, பச்சை போயிற்று, அலைகளுக்கு நடுவில் இடைவெளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குழைக்காதன் எண்களை ஆயிரம் ஆயிரமாக வாசித்தார், பிறகு நூறு நூறாக, பிறகு ஒவ்வொன்றாக. திரை அணைவதற்குமுன் அவர் வாசித்து முடித்ததை அருளப்பன் எழுதிக்கொண்டார். கடலுக்கு அன்று திருப்பிக் கொடுக்கப்பட்டது பதினேழாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பாகம்.